பென்ஷனுக்குப் பிறகு மலைக்கு: ஆதிவாசி ஊர்களில் உங்கள் தொழில் அனுபவத்தைக் கொடுப்பது எப்படி?

வங்கியில் 34 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அதற்குப் பிறகு ஐந்து வருடமாக நீலகிரியில் ஒரு சின்ன ஆதிவாசி அமைப்புக்குக் கணக்கு வேலையில் கைகொடுத்து வருகிறேன். இதைக் கேள்விப்பட்டு, அதே எண்ணத்தில் இருக்கும் பலர் போன் செய்கிறார்கள். ஒரு தலைமையாசிரியர், மின்வாரியப் பொறியாளர் ஒருவர், லேப் டெக்னீஷியனாக இருந்த ஒரு அம்மா, ஒரு தாசில்தார். எல்லாரும் “அங்கே போய் என்ன செய்யலாம்?” என்றுதான் ஆரம்பிப்பார்கள். “எப்போது அங்கிருந்து கிளம்பி வந்துவிடுவீர்கள்?” என்று நான் திருப்பிக் கேட்பேன். சிலருக்குக் கோபம் வந்துவிடும். இன்னும் போகவே இல்லை, அதற்குள் திரும்பி வருகிற பேச்சா என்பார்கள். அந்தக் கேள்வியை ஏன் முதலில் கேட்கிறேன் என்பதை, நானே சறுக்கிய கதையோடு பின்னால் சொல்கிறேன்.

முதலில் கொஞ்சம் அடிப்படை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பழங்குடியினர் 7,94,697 பேர், மொத்தத்தில் 1.1 சதவீதம். இவர்களில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்ற ஆறு சமூகங்களை மத்திய அரசு மிகவும் நலிவுற்ற பழங்குடிகள் என்ற தனிப் பட்டியலில் வைத்திருக்கிறது. ஆறு பேரும் நீலகிரியில் இருக்கிறார்கள். “மலைவாசி மக்கள்” என்று ஒரே பொட்டலமாகக் கட்டிப் பேசுவதை இப்போதே விட்டுவிடுங்கள். பணியருக்கு ஒரு மொழி, குறும்பரில் ஒரு பிரிவான பெட்டகுறும்பருக்கு ஒரு மொழி, காட்டுநாயக்கருக்கு இன்னொன்று. ஒருவருடைய வழக்கம் அடுத்தவருக்குப் பொருந்தாது.

பதவியை விடுங்கள், வேலையை எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்துக்கொண்டு, நீங்கள் என்னவாக இருந்தீர்கள் என்பதை மறந்துவிட்டு, உங்கள் கையால் என்ன வேலை செய்யத் தெரியும் என்று எழுதுங்கள். “முதுநிலை மேலாளர்” என்பதற்கு மலையில் ஒரு பிரயோஜனமும் இல்லை. என் தாளில் கடைசியாக மிஞ்சியவை நான்கே வரிகள்: வங்கிக் கணக்கை ரொக்கப் புத்தகத்தோடு ஒத்துப் பார்ப்பேன், தணிக்கைக் குறிப்புக்குப் பதில் எழுதுவேன், குழுக் கடன் விண்ணப்பம் தயாரிப்பேன், முடங்கிய கணக்கை உயிர்ப்பிப்பேன்.

அந்த நான்காவது வரிதான் அதிகம் பயன்பட்டது. இரண்டு வருடம் வாடிக்கையாளர் எந்த நடவடிக்கையும் செய்யாவிட்டால் சேமிப்புக் கணக்கு செயலற்றதாகிவிடும். பத்து வருடம் தாண்டினால் அதில் இருக்கும் பணம் ரிசர்வ் வங்கியின் வைப்பாளர் கல்வி, விழிப்புணர்வு நிதிக்குப் போய்விடும். உரியவர் கேட்டால் கிடைக்கும், ஆனால் கேட்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டுமே. நான் பார்த்த ஊர்களில் ரேஷன் கார்டில் ஒரு பெயர், ஆதாரில் அதே பெயர் வேறு எழுத்தில், பாஸ்புக்கில் மூன்றாவது விதமாக இருக்கும். பிறந்த தேதி எல்லாருக்கும் ஜனவரி 1. யாரோ ஒரு பதிவாளர் ஒரே நாளில் ஊரையே பிறக்க வைத்திருக்கிறார். இந்தக் குழப்பத்தில் முதியோர் பென்ஷனும் நூறு நாள் வேலைக் கூலியும் எங்கேயோ நின்றுபோகும். இதைச் சரிசெய்யப் பெரிய படிப்பு வேண்டாம். எந்தப் படிவம், எந்த மேசை, என்ன சொன்னால் வேலை நடக்கும் என்று தெரிந்திருந்தால் போதும். அது நமக்குத் தெரியும், இல்லையா?

வருவாய்த் துறையில் இருந்தவர்களுக்கும் இதே கதைதான். பழங்குடியினருக்கான சாதிச் சான்றிதழை வட்டாட்சியர் தருவதில்லை; வருவாய்க் கோட்டாட்சியர்தான் தர வேண்டும். விசாரணை, பழைய ஆவணம், உறவினர் சான்று என்று விண்ணப்பம் அலைகிற அலைச்சலில் பிள்ளையின் கல்லூரிச் சேர்க்கை முடிந்தே போகும். மறுத்து வந்த உத்தரவைப் படித்து, எந்தக் காகிதம் குறைந்தது என்று கண்டுபிடித்துச் சொல்லக்கூடிய ஓய்வு பெற்ற ஒரு தாசில்தார், நோட்டுப் புத்தகம் வழங்கும் பத்து விழாக்களுக்குச் சமம். வன உரிமைச் சட்டம், 2006 தெரிந்தவர்களும் வேண்டும். 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்து அனுபவித்து வரும் நிலத்துக்குத் தனிநபர் உரிமை கேட்க ஒரு படிவம், சமூக உரிமைக்கு ஒன்று, சமூக வன வளத்துக்கு ஒன்று என மூன்று உண்டு. ஊர்ப் பெரியவர் சொல்வதை எழுதி வாங்கினால் அதுவும் ஒரு சான்று என்று விதியே சொல்கிறது. அதை ஒழுங்காக எழுதித் தர ஆள் இல்லாமல் கோரிக்கைகள் தள்ளுபடியாவதுண்டு. ஒரு எச்சரிக்கை: கூடலூர் வட்டத்தில் 1969ஆம் வருடத்து ஜென்ம எஸ்டேட் (ஜமீன் போன்ற பழைய நிலவுடைமை) ஒழிப்புச் சட்டம் தொட்ட நிலங்கள் ஏராளம். பட்டா இல்லையா, அப்போ ஆக்கிரமிப்புதான் என்று சமவெளிக் கணக்கில் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள்.

மருத்துவர், செவிலியர், லேப் ஆட்களுக்கு: உங்கள் கவுன்சில் பதிவு நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் அரிவாள் செல் சோகையைப் பற்றிப் புதிதாகப் படியுங்கள். நீலகிரியின் சில ஆதிவாசி சமூகங்களில் பரம்பரையாக வரும் ரத்த நோய் இது. குளிரிலும் உடம்பில் நீர் வற்றும்போதும் தாங்க முடியாத வலி வரும். சமவெளியில் நாற்பது வருடம் அனுபவம் உள்ளவர்கூட அதை மூட்டுவலி என்று நினைத்து மாத்திரை எழுதிக் கொடுத்துவிட முடியும். 2023 ஜூலையில் மத்திய அரசு இதற்காகத் தேசிய இயக்கமே தொடங்கியிருக்கிறது. பரிசோதனை செய்யவும், நோயாளியைத் தொடர்ந்து பார்க்கவும், யார் நோயாளி, யார் மரபணுவை மட்டும் சுமப்பவர் என்று குடும்பத்துக்குப் பொறுமையாக விளக்கவும் ஆள் தேவை.

ஆசிரியர்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். வீட்டில் பணிய மொழி பேசும் பிள்ளைக்குப் பள்ளித் தமிழே இரண்டாவது மொழி. வகுப்பில் பேசாமல் உட்கார்ந்திருப்பது மந்தம் இல்லை. பொறியாளர், பிளம்பர், எலக்ட்ரீஷியன், கால்நடை மருத்துவர் எல்லாருக்கும் வேலை உண்டு. நீங்களே ஊரைப் பார்த்ததும் புரிந்துகொள்வீர்கள்.

எங்கே கேட்பது?

நேராக ஊருக்குள் போய் நிற்காதீர்கள். அங்கே ஏற்கெனவே பல வருடமாக வேலை செய்யும் அமைப்பு வழியாகத்தான் போக வேண்டும். சிலவற்றைச் சொல்கிறேன். எல்லா இடத்திலும் எப்போதும் தன்னார்வலர் தேவைப்படும் என்று அர்த்தமில்லை. அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு கேளுங்கள்.

கூடலூரில் 1980களின் நடுவில் தொடங்கிய அக்கார்ட் என்ற தொண்டு அமைப்பு, அதன் பக்கத்திலேயே வளர்ந்த ஆதிவாசி முன்னேற்றச் சங்கம். 1988 டிசம்பரில் நில உரிமை கேட்டு சுமார் 10,000 ஆதிவாசிகள் கூடலூரில் ஊர்வலம் போனார்கள். அந்த ஊரில் யாரைக் கேட்டாலும் அங்கிருந்துதான் கதையை ஆரம்பிப்பார்கள். 1990இல் வந்த ஆதிவாசி மருத்துவமனையை அஸ்வினி என்ற அமைப்பு நடத்துகிறது. அங்கே வெளியிலிருந்து போன மருத்துவர்கள் தொடக்கத்தில் செய்த வேலைகளில் ஒன்று, ஊர்ப் பெண்களுக்குச் செவிலியர் பயிற்சி கொடுத்தது. கோத்தகிரியில் 1958இல் டாக்டர் எஸ். நரசிம்மன் தொடங்கிய நீலகிரி ஆதிவாசி நலச் சங்கம் இருக்கிறது. அதே ஊரில் கீஸ்டோன் அறக்கட்டளை. தேன், காட்டு விளைபொருள் விற்பனைக்காக அதன் துணையோடு வளர்ந்த ‘ஆதிமலை’ பழங்குடியினர் உற்பத்தியாளர் நிறுவனம். தருமபுரி மாவட்டம் சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் நடுவே சிட்லிங்கி பள்ளத்தாக்கில், 1993இல் ஒரு கூரைக் கொட்டகையில் டாக்டர் ரெஜியும் டாக்டர் லலிதாவும் ஆரம்பித்த மருத்துவமனை; இன்று இயற்கை விவசாயிகள் சங்கம், லம்பாடிப் பெண்களின் எம்பிராய்டரி என்று கிளை விட்டிருக்கிறது.

சென்னைக்காரர்களுக்கு இன்னொரு இடம். மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலியில் 1978இல் ஏற்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். பாம்புக்கடி மருந்துக்கான விஷம் அங்கிருந்து போகிறது. அதன் உறுப்பினர்களான வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2017இல் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு மலைப்பாம்பு பிடிக்கக் கூப்பிடப்பட்டவர்கள்; 2023இல் பத்மஸ்ரீ வாங்கினார்கள். நிபுணர் என்றால் நாம் போய்க் கொடுப்பவர், அவர்கள் வாங்குபவர் என்று யாராவது நினைத்துக்கொண்டிருந்தால் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வரட்டும்.

கடிதம்

மின்னஞ்சல் சுருக்கமாக இருக்கட்டும். வாழ்க்கை வரலாறு வேண்டாம், விருதுகள் வேண்டவே வேண்டாம். நான் அனுப்பியது கிட்டத்தட்ட இப்படி:

“வணக்கம். வங்கிப் பணியில் 34 வருடம் இருந்து ஓய்வு பெற்றிருக்கிறேன். கணக்கு ஒத்துப் பார்ப்பது, தணிக்கைக்குத் தயார் செய்வது, குழுக் கடன் விண்ணப்பம் ஆகியவற்றில் உதவ முடியும். தமிழ், ஆங்கிலம் தெரியும், மலையாளம் கொஞ்சம் புரியும். மாதம் பத்து நாள், ஆறு மாதத்துக்கு வர முடியும். தங்குவது, சாப்பாடு, போக்குவரத்து என் செலவு. சர்க்கரை நோய் உண்டு, கட்டுப்பாட்டில் இருக்கிறது. செங்குத்தான ஏற்றம் ஏற முடியாது. உங்களுக்கு இப்போது இது தேவையில்லை என்றால் தயங்காமல் சொல்லுங்கள்.”

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் பெரியவர்களை வைத்துக்கொண்டு திண்டாடும் அமைப்புகளைப் பார்த்திருக்கிறேன். உங்களைப் பார்த்துக்கொள்ளவே ஒரு இளைஞரை ஒதுக்க வேண்டியிருந்தால் அவர்களுக்கு நஷ்டம்தான்.

பதில் வந்தால் முதலில் மூன்று நாள் மட்டும் போய் வாருங்கள். எந்த யோசனையும் சொல்லக் கூடாது என்று உங்களுக்கு நீங்களே சத்தியம் செய்துகொண்டு போங்கள். கஷ்டம்தான். எனக்கு இரண்டாம் நாள் மதியமே நாக்கு அரித்தது. வவுச்சர்களை மாதவாரியாக இல்லாமல் ஊர்வாரியாகக் கட்டி வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள்தான் காரணம் தெரிந்தது: ஊர்க் கூட்டத்தில் அந்தந்த ஊர்க் கட்டைப் பிரித்துக் காட்டிக் கணக்குச் சொல்வார்களாம்.

வீட்டில் முடிக்க வேண்டியவை

வீட்டுக்காரரிடம் அல்லது வீட்டுக்காரியிடம் தேதியோடு பேசுங்கள். மாத்திரையைத் தேவைக்கு ஒன்றரை மடங்காகப் பையில் எடுத்துப் போங்கள், ஏனென்றால் மண் சரிந்தால் சாலை இரண்டு நாள் அடைபடும். கூடலூரிலிருந்து ஊட்டி 50 கிலோமீட்டர். இரவில் நெஞ்சு வலித்தால் என்ன ஏற்பாடு என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை விடாத மழை, அட்டைப்பூச்சி வேறு. முதல் வருடம் அந்த மாதங்களைத் தவிர்க்கலாம். மாலை ஆறு மணிக்கு மேல் தேயிலைத் தோட்டப் பாதையில் தனியாக நடக்கக் கூடாது. யானை உங்கள் சீனியாரிட்டியைப் பார்க்காது. 2024 மே முதல் வெளியூர் வண்டியில் நீலகிரி போனால் இ-பாஸ் எடுக்க வேண்டும், அரசுப் பேருந்தில் போனால் அந்தத் தொல்லை இல்லை. வங்கி, மத்திய அரசு ஓய்வூதியர்கள் நவம்பரில் வாழ்நாள் சான்று கொடுக்க வேண்டுமே, அதை ஜீவன் பிரமாண் செயலியில் போனிலேயே முடித்துவிடலாம்.

பிள்ளைகளோடு பழகும் வேலை என்றால் காவல்துறை நன்னடத்தைச் சான்று வாங்கிக்கொண்டு போங்கள், அவர்கள் கேட்காவிட்டாலும். என்ன வேலை, எத்தனை நாள், என்று முடியும், யாரிடம் ஒப்படைப்பீர்கள் என்று ஒரு பக்கத்துக்கு எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். தொண்டுக்கு எதற்கு ஒப்பந்தம் என்று கேட்பவர்களுக்கு அடுத்த பகுதி.

நான் சறுக்கிய கதை

முதல் வருடம் நான் ஒரு எக்செல் கோப்பு செய்தேன். பதினான்கு தாள்கள், எல்லாம் ஆங்கிலத் தலைப்பு, ஒன்றில் எண் போட்டால் நான்கு இடத்தில் கூட்டல் மாறும். அந்த வருடத் தணிக்கை இரண்டே நாளில் முடிந்தது. ஆடிட்டர் பாராட்டினார். நான் பூரித்துப்போனேன். அடுத்து மகள் பிரசவம். நாலு மாதம் போக முடியவில்லை.

திரும்பிப் போனபோது கோப்பு நான் விட்ட தேதியிலேயே நின்றிருந்தது. அங்கே கணக்குப் பார்க்கும் பெட்டகுறும்பப் பெண், அவளுடைய பழைய நீள நோட்டில் நாலு மாதமும் எழுதி வைத்திருந்தாள். தேயிலைத்தூள் விற்ற பணம் சிவப்பு மையில், மானியம் நீல மையில், ஊர்ச் சந்தா பச்சையில். கூட்டிப் பார்த்தேன். வங்கி பிடித்த கட்டணங்களைத் தவிர மற்றதெல்லாம் சரி. “ஏன்மா, கோப்பில் போடவில்லை?” என்றேன். “நீங்க இவ்வளவு கஷ்டப்பட்டுச் செஞ்சீங்க மேடம், எனக்குப் புரியலைன்னு எப்படிச் சொல்றது?” என்றாள்.

அந்த ஒரு வருடம் முழுவதும் அவள் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மவுஸ் என் கையில் இருந்தது. நான் கிளம்புவேன் என்ற நினைப்பே இல்லாமல் வேலை செய்திருக்கிறேன்.

பிறகு முறையை மாற்றினோம். அவள் நோட்டின் மூன்று மை அப்படியே டாலி என்ற கணக்கு மென்பொருளில் மூன்று தலைப்பாகப் போனது, தமிழ்ப் பெயரில். வருடத்தை நான்காகப் பிரித்தோம். முதல் மூன்று மாதம் நான் செய்வேன், அவள் பார்த்துக் குறிப்பெழுதுவாள். அடுத்த மூன்று மாதம் அவள் செய்வாள், நான் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மூன்றாவது காலாண்டில் நான் ஊரிலேயே இருக்க மாட்டேன். சந்தேகம் வந்தால் போன். நான்காவதில் அவள் இன்னொரு பெண்ணுக்குச் சொல்லித்தர வேண்டும். இரண்டாவது கட்டம்தான் கொடுமை. அவள் தப்பான இடத்தில் எண்ணைப் போடுவது கண்ணுக்குத் தெரியும், வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். மாதக் கடைசியில் கணக்கு ஒத்துவராதபோது அவளே தேடிக் கண்டுபிடிப்பாள். நான் சொல்லியிருந்தால் அடுத்த மாதமும் அதே தப்பு வந்திருக்கும்.

உங்கள் தொழில் எதுவானாலும் இந்த நான்கு கட்டத்தில் அடைக்கலாம். ஒப்படைக்க ஆளே இல்லாத வேலையைத் தொடவே வேண்டாம் என்பது என் கட்சி. ஒரே விதிவிலக்கு, ஒருமுறை செய்தால் முடிந்துபோகிற வேலை: தண்ணீர்த் தொட்டிக்கு வரைபடம், நீதிமன்றத்துக்கு ஒரு மனு.

கணக்குக்காரர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. வெளிநாட்டு நன்கொடை வாங்கும் அமைப்பு என்றால், வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் ஸ்டேட் வங்கியின் புது தில்லி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வந்து இறங்க வேண்டும்; ஆண்டறிக்கையை நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். தேதி தவறினால் பதிவே ஆட்டம் காணும். இந்தத் தேதிகளைப் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி அலுவலகச் சுவரில் ஒட்டிவிட்டு வாருங்கள்.

பழகும் விதம்

கூட்டத்துக்கு நாள் குறித்திருப்பீர்கள், ஊரில் ஒரு சாவு விழுந்திருக்கும். யாரும் வர மாட்டார்கள், அடுத்த நாளும் வர மாட்டார்கள். தேன் எடுக்கும் காலத்தில் காட்டுநாயக்கர் ஊரில் ஆள் இருக்காது. குறுமிளகும் காப்பியும் பறிக்கும் மாதங்களில் கூலி வேலைக்குப் போயிருப்பார்கள். உங்கள் நாட்காட்டியை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

படம் எடுக்கக் கேளுங்கள். “சரி” என்ற பதிலைக்கூட ஒருமுறைக்கு இருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள், பெரியவர்களுக்கு முகத்துக்கு நேராக மறுக்க வராது. கைக்காசைக் கடனாகக் கொடுக்காதீர்கள். நான் ஒருமுறை ஆஸ்பத்திரிச் செலவுக்கென்று இரண்டாயிரம் கொடுத்தேன். அந்த அண்ணன் திருப்பித் தர முடியாமல், நான் வரும் பாதையைத் தவிர்த்துச் சுற்றி நடக்க ஆரம்பித்தார். பணம் போனதைவிட அதுதான் உறுத்தியது. கொடுக்க வேண்டுமென்றால் அமைப்பின் நிதியில் போட்டு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். பழைய துணி மூட்டை வேண்டாம். மூலிகை, வைத்திய முறை எதையாவது யாராவது காட்டினால் பார்த்து வியந்துவிட்டு அங்கேயே விட்டுவிடுங்கள். குறித்துக்கொண்டு வந்து வாட்ஸ்அப்பில் போட அது நம் சொத்து இல்லை.

சாப்பிடக் கூப்பிட்டால் சாப்பிடுங்கள். சர்க்கரை போட்ட கட்டங்காப்பியை மறுக்க எனக்குச் சர்க்கரை நோய் என்ற ஒரே சாக்குதான் மரியாதையாக எடுபட்டது. மேடம் என்ற அழைப்பு போய், மலையாளம் கலந்த அந்த ஊர் வழக்கப்படி சேச்சி என்று மாற எனக்கு ஒன்றரை வருடம் ஆனது. அதை நீங்களாகக் கேட்டு வாங்க முடியாது.

இப்போது வருடத்துக்கு இரண்டு தடவைதான் போகிறேன், மார்ச் கடைசியில் ஒரு வாரம், தணிக்கைக்கு முன்னால் ஒரு வாரம். போன வருடம் நடுவில் இரண்டு போன் வந்தது. ஒன்று, வருமான வரி இணையதளத்தில் ஒரு படிவம் ஏறவில்லை என்று; நான் பதில் கண்டுபிடிப்பதற்குள் அவர்களே ஏற்றிவிட்டார்கள். இன்னொன்று, என் குடை அலுவலகத்திலேயே கிடக்கிறதாம், மழை வந்துவிட்டது, எடுத்து உபயோகித்துக்கொள்ளலாமா என்று கேட்டு.